கண் ஒன்று சொல்ல, இடுப்பு ஒன்று சொல்ல

சரக்குக் கிடங்கில் அவளுக்குக் கழுகக்கா என்று பெயர். பத்தொன்பது வருடமாக நாற்பதடி உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்புப் பெட்டிகளை லாரிகளில் இறக்கி வந்தவள். வாயைத் திறந்தால் வசவுதான். ஆனால் பெட்டியை வைத்தால் பூ வைத்தமாதிரி இருக்கும்.

புதிதாக வந்த இன்ஜினியர் கூண்டைப் பூட்டினார். கீழே ஒரு ஏசி அறையில் நாலு திரை, ஒரு நாற்காலி.

"இனிமே படியேற வேணாம்மா. கேமராவப் பாத்து ஓட்டுங்க."

முதல் நாளே வினை வந்தது. மேலே இருந்தபோது பெட்டியின் ஆட்டம் முதலில் இடுப்பில் தெரியும். பிறகு கம்பி முனகும். கண் கடைசியாகத்தான் வந்து சேரும். மூன்றையும் மூளை ஒன்றாக முடிந்து கைக்குக் கொடுத்துவிடும். அவள் அதை யோசித்ததே இல்லை. இங்கே நாற்காலி கல்லாய்க் கிடந்தது. சத்தமே இல்லை. கண் மட்டும் பேசியது, அதுவும் படம் அரை நொடி பிந்தி வந்ததால் பழைய சேதியை. பெட்டி ஒரு லாரியின் பக்கப் பலகையைப் பிய்த்துக்கொண்டு போனது. டிரைவர் தலை தப்பியதே பெரிய விஷயம்.

மறுநாள் மேனேஜர் அறையில் இன்ஜினியர் ஒரு தாளை நீட்டினார். வயதானதால் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போடுங்க."

"யாருக்கு வயசாச்சு? கண்ணு ஆடுதுங்குது, உடம்பு ஆடலைங்குது. நான் யார் பேச்சக் கேக்கறது?"

"ஆடத் தெரியாதவ தரை கோணல்னாளாம்," என்றார் இன்ஜினியர்.

அவளுக்குச் சுருக்கென்றது. "அப்போ நீங்க ஆடுங்க சார். காலிப் பெட்டிதான். தூக்கி வைங்க பாப்போம்."

மேனேஜர் தலையாட்டினார். முற்றத்தில் இருந்தவர்களை விலக்கிவிட்டு இன்ஜினியர் உட்கார்ந்தார். ஆட்டத்தை நிறுத்தப் பார்க்கப் பார்க்கப் பெட்டி கூடுதலாக ஆடியது. நாலாவது நிமிடம் முகம் வெளுத்து, வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினார். கழுகக்கா வாய்விட்டுச் சிரித்தாள். தோற்றதைக்கூட அவர் மறந்திருப்பார். அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

மேனேஜர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். அவள் சொன்னபடியே கம்பியின் சத்தம் கேட்க ஒலிபெருக்கி வந்தது, நாற்காலிக்கு அடியில் அதிர்வுப் பலகை வந்தது, படம் பிந்துவதும் குறைந்தது. இரண்டு மாதம் காலிப் பெட்டிகளோடு மல்லுக்கட்டிய பிறகே கைக்குப் பழைய நிதானம் திரும்பியது. சாயங்காலத் தலைவலி மட்டும் போகவில்லை. வீட்டுப் படியில் கால் வைத்தால் தரை மிதப்பது போலிருக்கும்.

மாற்றமெல்லாம் இன்ஜினியரின் யோசனை என்று அறிவிப்புப் பலகையில் பாராட்டுக் கடிதம் தொங்கியது. நேரே அவர் அறைக்குப் போனாள்.

"யோசனை உங்களுது. தலைவலி மட்டும் என்னுதா?"

"வெளிய போங்க."

"போறேன். உங்க மூஞ்சியப் பாக்க யாருக்கு ஆசை?"

இன்னும் நாலு வருடம் அவள் அங்கே வேலை பார்த்தாள். இன்ஜினியர் சொல்ல வேண்டியதையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார். அவள் படித்துவிட்டுக் கசக்கிப் போடுவாள். வேலை மட்டும் ஒருநாளும் பிசகவில்லை.