முக்காடும் மைக்கும்

நான் தொழிற்சங்கத்துக்காரன். எண்ணூரில் தொழிற்சாலை வாசலில் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன். சாமி, பூதம் எதையும் நம்பாதவன். அப்படிப்பட்டவனின் தங்கச்சி, திருவொற்றியூரில் எங்கள் தெருக்கோடித் தகரக் கூரை கிறிஸ்தவ சபையில் சேர்ந்து, கம்மலைக் கழற்றி, பூவை விட்டு, சினிமாவையும் விட்டுவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேட்டால் பதில் தயாராக வைத்திருப்பாள். ஞானஸ்நானம் எடுத்த அன்றோடு அவள் வீட்டுக்காரர் குடியை நிறுத்தினார். நகையே போடாத சபையில் மாப்பிள்ளை வீட்டார் எத்தனை சவரன் என்று வாய் திறக்க முடியாது. ஆஸ்பத்திரியில் படுத்தால் முறை வைத்துக் கஞ்சி வரும். இதெல்லாம் அரசாங்கமும் நாங்களும் செய்ய வேண்டிய வேலை என்பேன். செய்தீர்களா என்பாள்.

அந்தச் சபையில் பெண்கள் பிரசங்கம் செய்யக் கூடாது. முக்காடு போட்டுக்கொண்டு கேட்கலாம், அவ்வளவுதான். ஆனால் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்லலாம்; அதாவது, கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து நின்று மைக்கில் சொல்வது.

கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வருவது நின்றுபோனது. பெண்கள் குடத்தோடு எங்கெங்கோ அலைந்தார்கள். மனுவோடு கவுன்சிலர் வீட்டுக்கு நடந்து என் செருப்புதான் தேய்ந்தது. அந்த வெள்ளிக்கிழமை தங்கச்சி சாட்சிக்கு எழுந்தாள். நான் சபை வாசலில் நின்றிருந்தேன். அங்கே ஒலிபெருக்கி வைத்தால் கவுன்சிலர் வீடு வரைக்கும் கேட்கும்.

"கர்த்தாவே, போன வருசம் தண்ணி குட்த்தீர், ஸ்தோத்திரம். இப்போ லாரி வர்ல. ஓட்டு கேட்டு வந்த அண்ணனுக்கு எங்க தெரு மறந்துபூட்ச்சு. அவுருக்கு நல்ல புத்திய தாரும்."

சபையே அல்லேலூயா என்றது. பாஸ்டர் முகம் வெளிறிவிட்டது. ஆனால் சாட்சியை எப்படித் தடுப்பார்?

மறுநாள் காலையில் லாரி வந்தது. தெருவே குடத்தோடு ஓடியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நானும் ஒரு குடத்தோடு போய் நின்றேன். இவ்வளவு பேசுகிறவள் சங்கத்துக்கு வரக் கூடாதா என்று தங்கச்சியிடம் கேட்டேன்.

"வந்தேன்ணா. டீ ஊத்தச் சொன்னீங்க. மைக்கு குடுக்கல."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டியிருந்தது. தெரு முழுக்க ஒலிபெருக்கிச் சத்தம். யார் கோயிலுக்குக் கூப்பிட்டாலும் சோம்பல்படுகிற என் மனைவியின் குரல். என்னைப் பற்றித்தான் கர்த்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.