அம்மாவின் போனை யாரும் எடுப்பதில்லை

ஆட்கள் நடித்த படத்தை நடுவில் நிறுத்தி, "இப்போது என்ன செய்யலாம்?" என்று பார்ப்பவரையே கேட்கும் வீடியோ விளையாட்டுகளை எடுப்பது என் தொழில். வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்டுப் பிழைக்கும் யாருக்கும் என் வேதனை புரியும்.

படமா, கேமா?

இந்த வகை விளையாட்டு முன்பு ஒருமுறை செத்தபோதும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போது மலேசியாவின் தெற்கே, மாசாயில் ஒரு சிடி கடையில் வேலை. கம்ப்யூட்டரில் நிஜ நடிகர்களே வருகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி விற்பேன். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அண்ணன் ஆசையாக வாங்கிப்போய், மறுநாளே மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தார். யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்களாம். திடீரென்று பட்டனை அழுத்தச் சொல்கிறார்களாம். தப்பாக அழுத்தினால் ஆள் செத்துவிடுகிறானாம், மறுபடி முதலிலிருந்து அதே பேச்சாம். நான் பொறுமையாக விளக்கினேன். அவர் என்னைவிடப் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, படம்னா உட்கார்ந்து பார்ப்பேன், கேம்னா விளையாடுவேன். இது ரெண்டையும் செய்ய விடமாட்டேங்குதே லா."

ஏறுகிறானா, இல்லையா?

அதன் பிறகு கடை போயிற்று, நான் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தேன். பல வருஷம் கழித்து, கைப்பேசி புண்ணியத்தில் அந்த விளையாட்டு எழுந்து உட்கார்ந்தது. ஜோகூர் பாருவில் ஒரு சின்ன நிறுவனம் தமிழில் ஒன்று எடுக்க என்னை இயக்குநராக வைத்துக்கொண்டது.

கதை இதுதான். வேலை போன ஒருவன், யாரோ கொடுத்த பொட்டலத்தைத் தீவுக்குக் கொண்டுபோக மெர்சிங் படகுத்துறைக்கு வருகிறான். ஏறும் நேரத்தில் அம்மா போன் செய்கிறாள். எடுத்தால் ஒரு கதை, எடுக்காமல் ஏறினால் இன்னொரு கதை. ஆகவே படகு அவனோடும் போகவேண்டும், அவன் இல்லாமலும் போகவேண்டும். படப்பிடிப்புக்கு நாங்கள் அமர்த்திய படகுக்காரர் ஒரு மலாய்க்காரர். காலையிலிருந்து போவதும் வருவதுமாக இருந்தார். மறுபடி கூப்பிட்டபோது எஞ்சினை அணைத்துவிட்டு மலாயில் சொன்னார்: "அவன் ஏறுறானா இல்லையான்னு நீங்க வீட்டுலயே பேசி முடிவு பண்ணிட்டு வாங்க."

துரத்தல் எங்கே?

அம்மாவாக நடித்தவர் தேவகி அக்கா. பெக்கோக்கில் பள்ளி கண்டீன் நடத்துகிறவர். அவருக்குப் போனில் பேசும் ஒரே ஒரு காட்சிதான். மகனுக்கு வேலை போனது அந்த அம்மாவுக்கு முன்பே தெரியும். அழாமல், குரலை உயர்த்தாமல், சாப்பிட வரச் சொல்வாள். அக்கா பேசி முடித்தபோது நான் கட் சொல்ல மறந்துவிட்டேன்.

வெளியிடுவதற்கு முன் மாசாய் அடுக்குமாடியில் சிலரிடம் விளையாடக் கொடுத்தோம். ஒருவர்கூட அம்மாவின் போனை எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் கடலில் துரத்தல் இருக்கும் என்று எல்லாரும் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். யாரும் பார்க்காத காட்சி எதற்கு, வெட்டிவிடு என்றார் முதலாளி குமரன். அக்கா வீட்டிலாவது காட்டிவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினேன். குமரன் சொன்னார்: "அந்த வீட்டுலயாவது யாராச்சும் போனை எடுக்கட்டும், அப்புறம் பேசலாம்."

பெக்கோக் தீர்ப்பு

அக்கா வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். டிவியில் இணைத்துவிட்டு, கைப்பேசியை அவர் கணவர் முனியாண்டி அண்ணனிடம் கொடுத்தேன். போன் அடித்தது. போகிற காரியத்தில் போன் எதற்கு என்று அவர் 'எடுக்காதே'யை அழுத்தினார். துரத்தல் முடிந்ததும் மறுபடி போட்டார்கள், மறுபடியும் அதையே அழுத்தினார்கள். சோதனை நடக்கும்போது இயக்குநர் வாயைத் திறக்கக்கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் தடவை போன் அடித்தபோது கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கணவர் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி 'எடு'வை அழுத்திவிட்டு, அங்கேயே நின்றார்.

"வேலை போனது தெரியும்யா," என்றது டிவியில் அவர் குரல். "அதை அங்கேயே வச்சிட்டு வா. சோறு ஆறிடும்."

அண்ணன் கொஞ்ச நேரம் மனைவியையே பார்த்தார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து கேட்டார்: "இவ்வளவு நல்ல சீனை வச்சிக்கிட்டு, எதுக்குத் தம்பி எங்களைக் கேட்டீங்க?"

எடுத்தது யார் என்பதை மட்டும் முதலாளியிடம் சொல்லாமல் காட்சியைக் காப்பாற்றிவிட்டேன். இந்த வகை விளையாட்டு இனிமேலாவது பிழைக்குமா என்று கேட்டால், வீட்டுக்கு ஒரு தேவகி அக்கா இருந்தால் பிழைக்கும்.