பின்னாடி வா

அவளுக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தது பெற்றவர்கள் இல்லை; குழுவில் கிதார் வாசித்தவன். டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவள் கை யாருக்காகவும் காத்திருக்காது. நடந்து கிளம்பிய பாட்டு, முடியும்போது நாய் துரத்துகிற வேகத்தில் முடியும். "எங்க தீப்பிடிச்சிருக்கு?" என்று அவன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பான். இத்தனைக்கும் பகலில் அவள் பார்த்த வேலைக்கு அவசரம் ஆகவே ஆகாது. பனியனில் படம் அச்சடிக்கும் பட்டறை. வலை கட்டிய சட்டத்தைத் துணிமேல் படியவைத்து, ரப்பர் பட்டையால் மையை ஒரே சீராக இழுத்து, சட்டத்தை மெல்லத் தூக்க வேண்டும். கை பதறினால் படம் இழுவிக்கொள்ளும்; பனியன் தரை துடைக்கத்தான் ஆகும். அவள் ஒன்றைக்கூடப் பாழாக்கியதில்லை. பட்டறை முதலாளியம்மா அவளைத்தான் மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுவார். சாயங்காலம் அவள் என்ன செய்கிறாள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருந்ததே இருவருக்கும் நல்லது.

சாயங்காலம் அவள் பங்க் வாசித்தாள். பங்க் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கிதாரில் மூன்று பிடி, தொண்டை கிழியக் கத்தல், இரண்டு நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும்; கேட்டவர்களுக்குக் காது திரும்பி வரத்தான் நேரமாகும். அவள் அண்ணன் ராப் பாடுகிறவன், அதாவது பாட்டைத் தாளத்துக்குள் பேச்சாகச் சொல்கிறவன். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. லிஃப்ட் குழியின் இருட்டில் நின்றுகொண்டே வரிகளை முணுமுணுத்து மனப்பாடம் செய்வான். எவ்வளவு நீளமான வரியையும் நடுவில் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பதால் அவனுக்கு 'மூச்சு' என்று பெயர். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். "இவ உடைக்கிறா, அவன் பொலம்புறான்" என்பார். அந்த இரண்டு இசையையும் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இரண்டு கூட்டத்துக்கும் அறை கொடுக்க ஊரில் ஆள் இல்லை. கடைசியில் ஒரு டயர் கடைக்காரர் தன் கடைக்குப் பின்னாலிருந்த சரக்கு அறையை விட்டார். அவருக்கு ஒரு காது கேட்காது. இன்னொன்றைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டினார்கள். ஒரே மைக், ஒரே பிளக் போர்டு. ராப்காரர்கள் பங்க்காரர்களைக் 'கத்துறவங்க' என்றார்கள். இவர்கள் அவர்களைப் 'பேசுறவங்க' என்றார்கள். பிளக் போர்டுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டதும் உண்டு. அப்புறம் தங்கள் முறைக்குக் காத்திருந்த சலிப்பில் ஒருவர் பாட்டை மற்றவர் காது கொடுத்துக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு கூட்டமும் திட்டியது ஒரே ஆட்களை: வீட்டுக்காரன், முதலாளி, லத்தி வைத்திருக்கிறவன். அதோடு சண்டை தீர்ந்தது. நோட்டீஸை ஒன்றாக ஜெராக்ஸ் எடுத்தார்கள், எல்லோருக்கும் பனியனை அவள் அச்சடித்தாள், ஒரே மேடையில் மாறி மாறி ஏறினார்கள். இசைத்தட்டைச் சுழற்றுகிறவர் பகலில் முடி வெட்டுகிறவர். தட்டை விரலால் முன்னும் பின்னும் தேய்த்து ஓசை எழுப்புவதால் அவர் பெயர் 'தேய்ப்பு'. பெயரை நம்பி இஸ்திரி போடச் சட்டையோடு வந்தவர்களும் உண்டு.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரு பாட்டு செய்யட்டும் என்றது தேய்ப்புதான். அவன் சொல்ல வேண்டும், அவள் அடிக்க வேண்டும். நடக்கிற காரியமா? ராப்காரனுக்கு அடி ஒரு மயிரிழை தாமதித்து விழ வேண்டும், நாற்காலியில் சாவகாசமாகச் சாய்கிற மாதிரி. அந்த அறையில் அதைப் 'பின்னாடி வர்றது' என்பார்கள். அவளுக்கு அது கைவரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவன் கையை உயர்த்தி நிறுத்துவான். கோபப்படமாட்டான். "பின்னாடி வா" என்பான். அவள் மறுபடியும் முன்னால் ஓடுவாள். "பின்னாடி வா." வீட்டில் அவள் சாப்பாட்டை அள்ளி விழுங்கினால்கூட அதையே சொல்லிச் சிரிப்பான். கடைசியில் தன் குரலை மட்டும் ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தான், கேட்டுக் கேட்டுப் பழகட்டும் என்று.

அதற்கு அப்புறம் ஒரு நாள் இருவரும் அறைக்குப் போகிற வழியில், டயர் கடைக்கு எதிரே ரோட்டைக் கடக்க நின்றார்கள். அவள் வழக்கம்போல் சின்ன இடைவெளி பார்த்து ஓடிவிட்டாள். எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, "அண்ணா, சீக்கிரம் வா" என்று கூப்பிட்டாள். பிறந்ததிலிருந்து அவசரப்படாதவன் அன்று ஓடினான். சிமெண்ட் லாரி வந்துகொண்டிருந்தது. லாரிக்காரர்மேல் தப்பில்லை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அதுதான் அவளைத் தின்றது.

அவன் நினைவாக இரண்டு கூட்டமும் சேர்ந்து ஒரு கச்சேரி வைப்பது என்று முடிவானது. கேசட்டில் அவன் குரல் ஓட, மேடையில் அவள் அடிக்க வேண்டும். டயர் கடைக்கு விடுமுறை நாளில், நல்ல வெயில் நேரத்தில், அவள் மட்டும் அறையைத் திறந்து, டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டுவிட்டு டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தாள். பொத்தானை அமுக்கினாள். முதலில் ஒரு செருமல். பிறகு, "ரெடியா? ஓடாத. பின்னாடி வா." பிறகு அவன் காலால் தரையில் தட்டுகிற சத்தம், அதன்மேல் வரிகள். கண்ணீரைத் துடைக்கவும் கை ஒழியாமல் அவள் அடித்தாள். பாதியில் வேகம் பிடித்தாள். உடனே, வரிக்கு நடுவே, "பின்னாடி வா" என்றது குரல்.

அவள் சிரித்துவிட்டாள். எந்த இடத்தில் ஓடுவாள் என்று முன்கூட்டியே தெரிந்து பதிந்திருக்கிறான், கில்லாடி. மறுபடியும் போட்டாள். இந்தத் தடவை அந்த இடத்தை ஜாக்கிரதையாகத் தாண்டி, வேறோர் இடத்தில் ஓடினாள். குரல் முதல் இடத்தில் வரவில்லை. இரண்டாவது இடத்தில் வந்தது. குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். ஆரம்பத்தில் வந்ததோடு சரி. நடுவில் எங்குமே அது இல்லை. வெளியே பட்டப்பகல். யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

தேய்ப்பைக் கூட்டிவந்தாள். அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை கேட்டார். ஒன்றும் இல்லை, துக்கத்தில் காது அப்படித்தான் சொல்லும் என்று ஆறுதல் கூறினார். ஆனால் அவள் அடிக்கும்போது கேட்கச் சொன்னபோது, கடையில் ஆள் காத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் அவர் அந்த அறைக்குள் தனியாக வரவில்லை.

பிறகு அது கேசட்டில் மட்டும் நிற்கவில்லை. பட்டறையில் மையை இழுக்கும்போது, அந்தச் சரசரப்புக்கு அடியில் ஒரு செருமல் கேட்டது. தெருவில் நடந்தால், அவள் செருப்புச் சத்தத்துக்கு மயிரிழை பின்னால் இன்னொரு செருப்புச் சத்தம். அவள் நின்றால் அது ஓரடி வைத்துவிட்டு நிற்கும். தாளத்தில் அவன் நிற்கிற இடம் அதுதான். வேறு யாராலும் அவ்வளவு சரியாகத் தாமதிக்க முடியாது. முதலில் அவளுக்கு அது ஒரு துணைபோலத்தான் இருந்தது. பயம் அப்புறம் வந்தது, ஒரு சாதாரண யோசனையாக. 'பின்னாடி வா' என்பதற்கு அந்த அறையில் ஓர் அர்த்தம். அறைக்கு வெளியே, உலகத்தில் எல்லோருக்கும் வேறோர் அர்த்தம். அவன் முன்னால் போய்விட்டான். தான் கூப்பிட்டு ஓடி வந்தவன், இப்போது தன்னைக் கூப்பிடுகிறான்.

அன்று சாயங்காலம் அவள் அதே இடத்தில் ரோட்டைக் கடக்க நின்றாள். பின்னால் வந்துகொண்டிருந்த செருப்புச் சத்தத்தைக் காணோம். "பின்னாடி வா" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டது. குரலில் கோபமே இல்லை. சாப்பாட்டுத் தட்டு முன்னால் சிரித்துக்கொண்டே சொல்வானே, அப்படி. கால் தானாக ரோட்டில் இறங்கியது. ஹாரன் சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லை. ஒரு காது கேட்காத டயர் கடைக்காரருக்குக் கேட்டது. நல்லவேளை, ஏதோ வேலையாக இந்தப் பக்கம் வந்திருந்தார். அவள் தோள்பையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் போட்டார். இருவரும் ஓரத்தில் விழுந்தார்கள். அவர் திட்டவில்லை. நேராக அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார்.

அம்மா அவரை அனுப்பிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அவன் கூப்பிடுறானா?"

அவள் தலையை ஆட்டினாள். கேசட்டை உடைத்துப் போடச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள். அம்மா அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"சின்ன வயசுல இருந்தே அவன் அப்படித்தான். கூப்பிட்டா, பதில் வர்ற வரைக்கும் வாசல்லயே நிப்பான். நீ இதுவரைக்கும் அவனுக்கு ஒரு பதிலும் சொல்லல. நாளைக்கு நானும் வரேன்."

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மத்தியானம் அம்மாவோடு போனாள். முட்டை அட்டைகளை அம்மா வியப்பாகப் பார்த்தார். ஒரு பழைய டயரைத் தட்டிப் பார்த்து அதன்மேல் உட்கார்ந்தார். சொல்லியனுப்பியதில் வந்த தேய்ப்பு வாசற்படியில் நின்றார், உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை. அவள் பொத்தானை அமுக்கினாள். மகனின் செருமலைக் கேட்டதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அவள் அடித்தாள். பயத்தில் ஓடினாள். "பின்னாடி வா." அம்மாவைப் பார்த்தாள், அம்மா முகத்தில் ஒன்றும் மாறவில்லை, கேட்கவில்லை போலும். மறுபடி ஓடினாள். "பின்னாடி வா." குரல் இப்போது பெட்டியிலிருந்து வரவில்லை, அவள் முதுகுக்குப் பின்னால், முட்டை அட்டைக்குள்ளிருந்து வந்தது. அடி தடுமாறியது. பதறினால் படம் இழுவிக்கொள்ளும் என்று ஏனோ அப்போது தோன்றியது. மையை இழுக்கிறபோது கையை எப்படி வைத்துக்கொள்வாளோ அப்படி வைத்துக்கொண்டாள். அடியைத் துணிமேல் சட்டம்போலப் படியவிட்டாள், படிந்தபிறகு தூக்கினாள். அத்தனை வருஷம் பகலில் கைக்குத் தெரிந்திருந்தது சாயங்காலத்தில் தெரியாமலே இருந்திருக்கிறது. அடி ஒரு மயிரிழை தாமதித்து விழுந்தது. அண்ணன் வரிகள் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தன. வாசலில் தேய்ப்பு தலையை ஆட்டத் தொடங்கியிருந்தார். குரல் அவளை மறுபடி திருத்தவில்லை. அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

கடைசிப் பகுதி வந்தபோதுதான் அது நடந்தது.

"ஏன்டி இவன் இப்படி ஓடுறான்?" என்றார் அம்மா.

தாளம் என்றால் என்னவென்றே தெரியாத அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. தேய்ப்பின் தலை அப்படியே நின்றுபோனது. அண்ணன் குரல் ஓடிக்கொண்டிருந்தது. மிஷின் வேகம் கூடினால் குரல் கீச்சென்று ஆகும். இது அப்படி இல்லை. அவனுடைய அதே கனத்த குரல், அவளுடைய வேகத்தில், பங்க் வேகத்தில், மூச்சு விடாமல், கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டு. ஆயுளில் ஒரு தடவை தவிர அவன் ஓடியதே இல்லை. அவள் மணிக்கட்டு துடித்தது. அந்த வேகம் அவளுக்கு அத்துப்படி. ஒரு நொடி கையை அவிழ்த்துவிட்டால் போதும், பிடித்துவிடலாம், இருவரும் சேர்ந்தே போகலாம். எங்கே போய்ச் சேரும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ரோட்டின் எதிர்ப்பக்கம் நிற்கிற மாதிரி அவ்வளவு பக்கத்தில் தெரிந்தது.

டயர்மேல் உட்கார்ந்திருந்த அம்மா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கையை அவிழ்க்கவில்லை. அடி விழுந்த இடத்திலேயே, அதே சாவகாசத்தோடு விழுந்தது. குரல் முன்னே போனது, இன்னும் முன்னே போனது, வார்த்தைகள் ஒன்றோடொன்று கலந்து தூரத்துச் சத்தமாகிவிட்டன.

"அண்ணா, நீ போ" என்றாள். சத்தமாகவே சொன்னாள். "நான் பின்னாடி வரேன்."

பொத்தான் தானாக டக்கென்று மேலே வந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ எழுந்து போன மாதிரி அறை காலியாக இருந்தது. அவள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து வந்து, குச்சி பிடித்திருந்த கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். கேட்கப் பயந்தும் கேட்டார்.

"எப்படி வருவ?"

"மெதுவாம்மா" என்றாள் அவள். "ரொம்ப மெதுவா."