வெளிறிய வரிசை

அடையாறில் எங்கள் ஆய்வுக்கூட மொட்டைமாடியில் நெல் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவர் வருவார். ஒல்லியான உடம்பு, நரைத்த புருவம். ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு பயிரையும் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்.

எந்தத் தொட்டிக்கும் உரம் கிடையாது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியாவை எல்லா வேர்களிலும் விட்டிருந்தோம். ஒரு ரகம் அதோடு சேர்ந்து பச்சை பிடித்தது. பக்கத்து வரிசையில் இருந்த இன்னொரு ரகம் மஞ்சளாக வெளிறியது.

“இன்னா சார், இது மட்டும் இப்டி கீது?”

“இந்த ரகத்தோட வேர் பாக்டீரியாவைச் சேத்துக்கல. அதைத்தான் பாத்துட்டிருக்கோம்.”

“சாவற வரைக்கும் பாத்துக்கினே இருப்பீங்களா சார்?”

நான் சிரித்தேன்.

அடுத்த வாரம் இரண்டு வரிசையும் ஒரே பச்சை. யூரியா போட்டதை அவரே சொன்னார். ஒரு பருவத்து உழைப்பு பாழ். நான்தான் புகார் எழுதிக் கொடுத்தேன். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கிளம்பும்போது மாடிக்குப் போய் அந்த ஒரு வரிசையை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார்.

இப்போது தண்ணீர் ஊற்றுபவர் சொன்னதை மட்டும் செய்கிறார். புதிதாக நட்ட அந்த ரகம் மறுபடி மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. தினமும் மாடியேறிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.