கூச்சமே இல்லாத செல்வமணி சிஸ்டர்

வியாழக்கிழமை காலை, மருந்து வாங்க வந்த கூட்டத்தின் நடுவே போன் வந்தது. எங்கள் சுகாதார நிலையத்து நர்ஸ் செல்வமணி சிஸ்டர் மாரடைப்பில் போய்விட்டார். கையில் இருந்த மாத்திரை யாருக்கென்றே எனக்கு மறந்துவிட்டது. வேப்பந்தட்டைப் பக்கத்துக் கிராமங்களில் அவருடைய ஸ்கூட்டியைக் கண்டு ஒளியாதவர் யார்? நாமெல்லாம் ஒளிந்தவர்கள்தானே!

ஒரு கருமாதியையும் சிஸ்டர் விடமாட்டார். பங்காளிகள் மொத்தமும் ஒரே பந்தியில் உட்காருவது அன்றைக்குத்தான். சாம்பார் ஊற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்: "ஒங்க வூட்டுல யாருக்காவது குடல்ல கேன்சர் இருந்துச்சா? எத்தனை வயசுல?" சாப்பிடும் நேரத்தில் என்ன பேச்சு இது என்று எழுந்து போனவர்களும் உண்டு. அவர் நகரவே மாட்டார்.

நான்கு வருடம் முன்பு என் அம்மாவின் கருமாதியில் என்னிடமே கேட்டார். நாற்பத்தெட்டு வயதில் போன அப்பாவுக்கு மூலம் என்றேன். சுகாதார நிலையத்து மருந்தாளுநர் நான்; மூலத்தில் ஆள் சாவானா என்று ஒருநாளும் யோசித்ததில்லை! பக்கத்து இலையில் இருந்த அத்தை தலைகுனிந்தார். "மூலமெல்லாம் இல்லம்மா. குடல்ல கேன்சர். ஒனக்குக் கல்யாணம் ஆவணுமேன்னு மறைச்சிட்டோம்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. சிஸ்டரோ துள்ளி எழுந்தார். "கவிதா, நீ குழாய் விட்டுப் பாக்குற ஸ்கோப் எடுத்தாவணும்!"

"மலப் பரிசோதனை பாத்துட்டேன் சிஸ்டர். ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு."

"அது குடும்பத்துல யாருக்கும் இல்லாதவங்களுக்குப் போதும். பெத்தவருக்கே இருந்துச்சுன்னா ஸ்கோப்தான். அவருக்கு வந்த வயசுக்குப் பத்து வருஷம் முன்னாடியே பாத்திருக்கணும். ஒனக்கு நாப்பதாயிடுச்சு, ஏற்கெனவே லேட்டு!"

பெரம்பலூருக்கு அவரே பஸ்ஸில் கூட்டிப்போனார். குடலில் இரண்டு சிறு கட்டிகள். புற்றாக மாறும் முன்பே, பார்த்த கையோடு எடுத்துவிட்டார்கள். வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி சிஸ்டர் கைதட்டினார். எனக்காக யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஜெயங்கொண்டத்தில் இருக்கும் என் தம்பிக்கு முப்பத்தொன்பது வயது. சிஸ்டர் எத்தனை முறை கூப்பிட்டும் ஸ்கோப்புக்கு வரவில்லை. அவருடைய சாவுக்குத்தான் வந்தான். மெலிந்திருந்தான். கூட்டத்தில் உட்காரமுடியாமல் இரண்டு முறை எழுந்து கொல்லைப்பக்கம் போனான். எனக்குப் பொறுக்கவில்லை, அத்தனை பேர் நடுவிலும் கேட்டுவிட்டேன்.

"தம்பி, வெளிக்குப் போறப்ப ரத்தம் வருதா?"

எல்லோரும் திரும்பினார்கள். அவன் தலைகுனிந்தான்.

"வருதுக்கா. மூணு மாசமா. சூடுன்னு விட்டுட்டேன்."

சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது இந்தக் கூச்சங்கெட்ட வாய்தான். நாளைக் காலை முதல் பஸ்ஸில் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.