நாலாம் பிறையும் உடையாத பூசணிக்காயும்

மெட்ராஸ்ல நிலா என்னைக் கேட்டுக்கினுதான் வரும், என்னைக் கேட்டுக்கினுதான் போவும். பொய்தான், சும்மா அடிச்சி விட்டேன். தினசரி காலண்டர்ல எனக்கு தாளு கிழிக்க வரும், அதுல இன்னா போட்டுகீதுன்னு படிக்க வராது. நான் நிலாவை ஒயுங்கா அண்ணாந்து பாத்தது ஒரே ஒரு மாசம்தான். அதுவும் பக்தியில இல்ல. என் மச்சான் நாசமாப் போவணும்னு.

மச்சான்னா என் பொண்டாட்டியோட தம்பி. மத்த நாள்ல நான் மீன்பாடி வண்டியில லோடு அடிப்பேன். அமாவாசை சாயங்காலம் மட்டும் தி.நகர் கடைத்தெருவுல திருஷ்டி பூசணிக்காய் உடைப்பேன். காயில ஓட்டை போட்டு, உள்ள குங்குமம் கொட்டி, மேல கற்பூரம் ஏத்தி, கடையை மூணு சுத்து சுத்தி, ரோட்டுல ஒரே போடு. சிதறணும். சிதறலைன்னா திருஷ்டி போவலை, உடைச்சவன் கைக்கு ராசி இல்லை. அம்மாந்தான் தொழிலு.

கத்தி கற்பூரம் எடுத்துக் குடுக்க மச்சானைக் கூட இட்டுக்கினு வந்ததே நான்தான். அவன் இன்னா பண்ணான், ஒரு அமாவாசை அன்னிக்கு ஜவுளிக்கடை அண்ணாச்சி காதுல ஓதிட்டான். "மாமா உடைச்ச கடையில எல்லாம் வியாபாரம் படுத்துக்குது அண்ணாச்சி. வெளங்காத கை அது."

அண்ணாச்சி என்னைப் பாத்தாரு, அப்பறம் என் கையைப் பாத்தாரு. "நீரு கொஞ்சம் ஓரமா நில்லும்வே. பய உடைக்கட்டும்."

பய உடைச்சான். சிதறுன சிதறுல ஒரு துண்டு வந்து என் மூஞ்சியில ஒட்டிக்கிச்சி. அண்ணாச்சி பின்னாடியே தெரு மொத்தமும் அவன் பக்கம் சாஞ்சிடுச்சி. மூலையில ஒரு பாத்திரக்கடைதான் எனக்கு மிச்சம். அந்த ஓனருக்கு காது கேக்காது, மச்சான் ஓதுனது ஏறலை.

அடுத்த அமாவாசைக்குள்ள உன் கைராசியை இதே ரோட்டுல உடைக்கிறேண்டான்னு மனசுல சொல்லிக்கினேன். கணக்கு வெச்சிக்க காலண்டர் எதுக்கு, மேலதான் நிலா கீதே.

மூணாம் பிறை அன்னிக்கு மேம்பாலத்து மேல வண்டியை ஓரம் கட்டிட்டு பாத்தேன். அசோக் நகர் பக்கமா, வெட்டிப் போட்ட நகம் மாதிரி இருந்துது. மூணாம் பிறை பாத்து கேட்டா கெடைக்குமாம். ஜனங்க புள்ளை கேக்கும், வேலை கேக்கும். நான் மச்சானுக்கு கையில சேத்துப்புண்ணு கேட்டேன்.

கேட்டுட்டு சும்மா இருந்திருக்கலாம். நாலாம் பிறை பாத்தவன் நாய் படாத பாடு படுவான்னு சொல்லுவாங்களே, அது ஞாபகம் வந்து தொலைச்சிது. மறாநாளு இருட்டறதுக்குள்ள அவனுக்கு டீ வாங்கிக் குடுத்தேன்.

"மச்சி, அங்க பாரேன், இன்னா சோக்கா கீது."

"எங்க மாமா?"

"அங்கடா. என் விரலைப் புடிச்சிக்கினே போ."

நல்லா கண்ணால குறி வெச்சி காட்டுனேன். காட்டி முடிச்சப்பறம்தான் ஒறைச்சிது, காட்டணும்னா நானும்ல பாக்கணும். அவனோ, "எனக்கு நகைக்கடை போர்டுதான் தெரியுது மாமா"ன்னு டீயைக் குடிச்சிட்டு பூட்டான்.

அந்த வாரம் வண்டி பஞ்சரு. கோயில் வாசல்ல செருப்பைக் காணோம். நந்தனத்துல ஒரு நாய் தொரத்திக்கினு வந்து, பாதி தூரத்துல என் மூஞ்சியைப் பாத்துட்டு பாவம்னு நின்னுடுச்சி. நாயே படாத பாடு. மேல நிலா தெனம் ஊதிக்கினே வந்துது, கீழ அவனும்தான். அரை நிலா வந்தப்ப அண்ணாச்சி அவனுக்கு புதுச்சட்டை குடுத்துட்டாரு.

பௌர்ணமிக்கு பொண்டாட்டி என்னை பட்டினப்பாக்கம் பீச்சுக்கு இட்டுக்கினு போனா. சூரியன் இந்தாண்ட எறங்க, நிலா அந்தாண்ட கடல்லேர்ந்து செவப்பா ஏறுது. அல்லாரும் போன்ல புடிச்சிக்கினு கீறாங்க. எனக்கு அது பூசணிக்காயாத்தான் தெரிஞ்சிது. அங்கதான் ஐடியா வந்துது.

"இன்னாத்துக்குய்யா சிரிக்கிற?"

"நிலா நல்லா கீதுன்னு."

"நீ நிலாவைப் பாத்து சிரிக்கிற ஆளு. என் தம்பி வழிக்குப் போன, சோறு கெடையாது சொல்லிட்டேன்."

அப்பறம் தேய ஆரமிச்சிது. காத்தால நங்கநல்லூருக்கு லோடு போவசொல்ல, விடிஞ்சப்பறமும் மேக்கால நிக்கும், கடிச்சி வெச்ச அப்பளம் கணக்கா. அது தேயத் தேய எனக்கு தெம்பு ஏறுச்சி. ஐடியா இதான்: முத்துன காய்தான் போட்டா சிதறும். பிஞ்சுக் காய் பந்து மாதிரி தொப்புன்னு வுழுந்து உருளும். மார்க்கெட்டுல தேடி ஒரு பெரிய பிஞ்சா வாங்குனேன். முத்துன காய் மேல வெள்ளையா பூத்திருக்கும்ல, அதுக்கு வூட்டுல இருந்த விபூதியை எடுத்து தடவுனேன். சாமி குத்தம்தான். சாமிக்கும் மச்சானைத் தெரியும்.

அமாவாசை. அன்னிக்கு நிலா சூரியனோடவே ஏறி சூரியனோடவே எறங்கிடும், கண்ணுக்கு சிக்காது. சாட்சி இல்லாத நாளு. மச்சான் சாக்கும் என் சாக்கும் எங்க வூட்டுலதான் இருந்துது. அவன் சாக்குலேர்ந்து ஒரு காயை எடுத்து என் சாக்குல போட்டேன், பிஞ்சை அவன் சாக்குல போட்டேன், குளிக்கப் பூட்டேன்.

சாயங்காலம் அவன் கடை கடையா உடைச்சிக்கினே வரான். ஒவ்வொண்ணும் சிதறுது. இருக்கட்டும், அடியில கீதுன்னு பாத்திரக்கடை வாசல்ல நின்னு கருவிக்கினு இருந்தேன். என் முறை வந்துது. சாக்குல கை வுட்டு காயை எடுத்தேன். உள்ளங்கை பூரா விபூதி.

கற்பூரம் எரிஞ்சிக்கினு கீது, ஓனர் கை கூப்பி நிக்கிறாரு. இன்னா பண்ணுவ? போட்டேன். தொப்பு. எந்திரிச்சி உருண்டுச்சி. ரோட்டைத் தாண்டி நேரா அண்ணாச்சி கடை வாசல்ல போய் நின்னுது. மச்சான் குனிஞ்சி எடுத்தான், தூக்கிப் போட்டான். நான் போட்டதுல அது ஏற்கனவே விரிசல் வுட்டிருக்கும்னு எவனுக்குத் தெரியும்? சிதறுச்சி.

"பாத்தீராவே, இதுதான் கைராசி"ன்னாரு அண்ணாச்சி. காது கேக்காத ஓனருக்கு அது மட்டும் கேட்டுடுச்சி.

வூட்டுல பொண்டாட்டி சோத்தைப் போட்டுக்கினே சொன்னா, "நீ மாத்துன. நீ குளிக்கசொல்ல நான் மாத்துனேன். கொழம்பு ஊத்தட்டா?"

இப்ப மச்சான் உடைக்கிறான், வண்டிங்க வழுக்கக்கூடாதுன்னு நான் பெருக்குறேன். இன்னிக்கும் அமாவாசைதான், தொடப்பத்தோடதான் குந்திக்கினு கீறேன். வுட்டுட்டேன்னு நெனைக்காத. இந்த தபா பொண்டாட்டிக்கு வாசனையே தெரியாது. மூணாம் பிறை வரட்டும், அன்னிக்கு அண்ணாச்சி கடையாண்ட நான் இன்னா பண்ணப்போறேன்னா, மொதல்ல அந்தப் புதுச்சட்டைய...

"மாமா, தொடப்பத்த எடுத்துக்கினு வா. பைக்குக்காரன் கத்துறான்."

வரேண்டா ராசிக்காரா, வரேன்.