சத்தமில்லாத வால்வு

டிக், டிக், டிக். முடிவெட்டும் கடையில் மலிவான சுவர்க்கடிகாரம் ஒன்று ஓடினால் போதும், இன்றும் என் காது அக்காவைத் தேடும்.

2004-இல் அக்காவின் நெஞ்சுக்கூட்டை நடுவில் பிளந்து இதயத்தில் உலோக வால்வு ஒன்றை வைத்தார்கள். வாயைத் திறந்தால் அது கேட்கும். சர்ச்சில், பூசையில் எல்லோரும் அடங்கி முழங்காலிட்டிருக்கும்போது, யார் கையில் கடிகாரம் என்று பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா உதடுகளை இறுக்கிக்கொள்வாள். எனக்கோ அந்தச் சத்தம் வேண்டும். அது கேட்கும்வரை அவள் இருக்கிறாள்.

பத்து வருடம் கழித்துச் சத்தம் மங்கியது. மீன் விற்கப் போகையில் சருவப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றினால் மூச்சு இழுத்தது. மறுபடி ஆபரேஷன். பழைய பிளவில் எல்லாம் ஒட்டிக் கிடக்கிறது, அந்த வழி வேண்டாம், வலது விலாவோரம் சிறிதாகக் கீறி, கேமரா விட்டுச் செய்கிறோம் என்றார் டாக்டர். ஒன்பதாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். முதல் தடவை மூன்று மாதம் தும்மவே பயந்தவள், இப்போது தானே தலை பின்னினாள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் விழுந்தது.

தழும்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்த பக்கத்து வீட்டு மைனி, சுண்டுவிரலை நீட்டிக் காட்டினாள்.

“இவ்வளவுதான் கெடக்கு. சாளைக்க வயித்தக் கீறுன மாதிரி.”

எங்கள் கரையில் மீனுக்குத் தக்க வெட்டு. பெரிய சூரையை யாராவது விரலளவுச் சாளையைப்போலக் கீறிக் குடல் எடுப்பார்களா? பழைய வால்வு எந்த வழியாக வெளியே வந்தது? வந்ததா?

“அக்கா, வாயத் தொற.”

“எதுக்குலே?”

“தொற.”

திறந்தாள். ஒன்றுமில்லை. காது வைத்துக் கேட்டேன். அலை செத்த கடல்போல ஓர் அமைதி.

“ஒண்ணும் கேக்கல்லியே!”

“அதுக்கு நான் என்ன செய்யட்டு? மணி அடிக்கட்டா?”

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்பில் செவுள்போல ஒன்று திறந்தது, மூடியது. பழையதை அந்தச் சின்னக் கீறல் வழியாகவே எடுத்துவிட்டோம், இது மாட்டின் இதய உறையில் செய்தது, சத்தம் வராது. சில வருடங்களில் தேயலாம், வருஷாவருஷம் வந்து காட்டுங்கள், இனி மெல்ல மெல்ல வேலைக்குப் போகலாம் என்றார்.

“மாடா?” என்றாள் அக்கா. “இத்தன வருசம் மீன் வித்திருக்கேன், ஒரு மீனுக்க தோலு கெடைக்கல்லியா ஒங்களுக்கு?”

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தேயும் என்றதை மட்டும் நம்பினேன்.

வீடு திரும்பியதும் சருவத்தைப் பரணில் ஒளித்தேன். அவள் தண்ணீருக்குப் போனால் பின்னாலேயே போய் மூச்சைக் கவனித்தேன். படியேறினால் முகம் வெளுக்கிறதா என்று பார்த்தேன். அவளோ சந்தை இல்லாமல் வெறுங்கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை என்னைக் குற்றம் சொன்னது. ஆனாலும் சருவத்தை நான் இறக்கவில்லை.

ஒரு காலை அவளே ஸ்டூல் போட்டு ஏறிச் சருவத்தை எடுத்துவிட்டாள். நான் கரைக்கு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் புதுக்கடை சந்தைக்குப் போகும் ஆட்டோவில் மீனோடு ஏறியிருந்தாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான். குனிந்து அவள் வாயருகே காதைக் கொண்டுபோனேன். மீன்வாடைக் கையால் என் தலையைத் தள்ளிவிட்டாள்.

“ஏலே, ஒனக்குச் சத்தந்தான கேக்கணும்? சந்தைக்கு வா. மீனு மீனுன்னு விளிப்பேன். மூலையில நின்னு கேட்டுட்டுப் போ.”